பிழையே இல்லாத மூன்று வரிகள்

அன்புள்ள சுண்டுவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்காலையும் என் கண்ணாடியின் நம்பரையும் சேர்க்காமல் சொன்னால். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கி, தெம்பாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் இல்லை என்றே சொல், 'நல்லா இருக்கேம்மா' என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்கு இப்படிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள் என்று உறையைப் பிரிக்கும்போதே உனக்குத் தோன்றும். போனில் சொல்லத்தான் பார்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். மூன்று தடவையும் அங்கே மழையா வெயிலா என்று கேட்டு வைத்துவிட்டேன், மூன்றாவது தடவை நீகூட 'என்னம்மா, வானிலை நிலையத்துல வேலைக்குச் சேந்துட்டியா' என்று கேலி செய்தாய். எழுத்தில் என்றால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். முப்பது வருஷமாக நாளிதழில் பிழை பார்த்தே பிழைக்கிறவள்தானே.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள், பின்னால் சிரிக்க ஒன்றும் இருக்காது. உன் அப்பா ஓய்வு பெறும்வரை லிஃப்ட் பழுது பார்த்தவர், ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில் சிக்கிய பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து டீ குடித்த மனிதர், இப்போது கையகலப் போனைக் கண்டு பயப்படுகிறார். போன் கேமரா வழியாக யாராவது எட்டிப் பார்க்கலாம் என்று எங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்த அன்றே கேமராமேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை வெட்டி ஒட்டிவிட்டார். நாலு நாள் கழித்துத் தொட்டிச் செடி பூத்ததைப் படம் பிடித்துவிட்டு, போன் கெட்டுப்போச்சு, எல்லாம் கறுப்பா விழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் பிளாஸ்திரியை உரித்து அவர் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டு, காயம் ஆறிடுச்சு சார் என்றாராம். அதோடு விட்டாரா, வாசலுக்கும் ஒரு கேமரா வாங்கி மாட்டியிருக்கிறார். யார் வந்து நின்றாலும் போனில் மணி அடிக்கும், முகம் தெரியும். இதுவரை அதில் மாட்டியவர்கள் தபால்காரர், மேல்வீட்டுப் பூனை, அப்புறம் அவரே. போன வாரம் கையில் பையோடு வாசலில் நின்றபடி எனக்குப் போன் போட்டு, 'உள்ளயே இரு, கதவைத் திறக்காத, வழுக்கைத் தலையா ஒருத்தன் வாசல்ல நிக்கிறான்' என்று பதறினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்து, ஆமாங்க, ஆளைப் பார்த்தாலே நல்லவனாத் தெரியல என்று சொல்லிவிட்டுத் திறந்தேன்.

இந்தப் பயத்துக்கெல்லாம் நீயும் ஒரு காரணம். போன மாதம் வீடியோவில் கூப்பிட்டு எங்களை உட்காரவைத்து, குரலைக்கூட இப்போது இயந்திரம் அப்படியே பேசுகிறது, என் குரலில் யாராவது அழுதுகொண்டு பேசினால் நம்பிவிடாதீர்கள், நமக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்வோம், அதைச் சொன்னால்தான் நான் என்று அர்த்தம் என்றாய். நல்ல யோசனைதான். கம்ப்யூட்டருக்குள் நுழைகிறவர் நிஜமாகவே அவர்தானா என்று சரிபார்ப்பதுதானே உனக்கு வேலை, உன் வேலையை வீட்டுக்கும் கொஞ்சம் செய்கிறாய் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்பா உடனே 'லிஃப்ட்' என்று ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுத்து, சாயங்காலம் நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் பெஞ்சில் இருந்த நாலு பேரிடமும், எங்க வீட்டு ரகசிய வார்த்தை என்னன்னு தெரியுமா என்று தொடங்கிவிட்டார். நீ தலையில் அடித்துக்கொண்டு, 'அம்மா, நீயே ஒண்ணு சொல்லு, நமக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கணும்' என்று என்னிடம் விட்டாய். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க வேண்டியதே இல்லை சுண்டு, நீ கேட்ட நொடியே ஒரு வார்த்தை வந்து நின்றது. அதைச் சொன்னால் அதன் பின்னால் இருக்கிற எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரமே வேலையில் எனக்கு வந்த முதல் செய்தி என்ன தெரியுமா, யாரோ ஒருத்தர் இன்னொருவர் பெயரில் செய்தி அனுப்பி ஒரு குடும்பத்தையே பிரித்துவிட்ட கதை. தலைப்பில் 'ஆள் மாறாட்டம்' என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்து 'ஆள்மாறாட்டம்' என்று வளைவு போட வேண்டியது என் வேலை, வருஷத்துக்கு ஐம்பது தடவை போடுகிற வளைவு. அன்றைக்குச் சிவப்புப் பேனா அந்த இரண்டு சொல்லுக்கு நடுவிலேயே நின்றுவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். இத்தனை வருஷம் இந்த வார்த்தையைச் சேர்த்துச் சேர்த்து எழுதினேனே, இதைச் செய்தவள் நான் என்று ஒரு நாளாவது எனக்கு உறைத்ததா.

உனக்குப் பதினாறு வயது. பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. கட்டம் கட்டமாக அடுக்கி வீடு கட்டுகிற அந்த விளையாட்டில் நீ எந்நேரமும் கிடந்தாய், அதில் உனக்கு ஆமை என்று ஒரு சிநேகிதம். நெட் மெதுவாக இருந்ததால் எப்போதும் கடைசியாக வந்து சேருமாம், அதனால் ஆமை. சாப்பிடும்போதும் ஆமை, தலை வாரும்போதும் ஆமை. ஆமை வந்துச்சு, ஆமை சிரிச்சுது, ஆமைக்குக் காய்ச்சல் என்று நீ சொல்லச் சொல்ல எனக்குள் ஒரே கேள்விதான், இது ஆணா பெண்ணா. கேட்டால் நீ கத்துவாய். ஒரு நாள் நீ குளிக்கப் போனபோது உன் போனை எடுத்து அந்த விளையாட்டுக்குள் நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டதையெல்லாம் படித்தேன், ஆமாம், அதையும் செய்தேன். நான் வந்தேன், நான் தூங்கிட்டேன், நான் பாத்தேன் என்றே எழுதியிருந்தது. நம் பாஷையில் 'நான்' என்று பேசுகிறவரை ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க முடியாது என்பதை இலக்கணமாக எனக்குத் தெரியும், அன்றைக்குத்தான் அது எனக்கு எதிரியாகிப் போனது. நீ எழுதியதைப் பார்த்து வேறு ஒரு கவலை. எழுத்துப் பிழை பார்க்கிறவள் பெற்ற பெண் 'பள்ளி'க்குப் பதில் எல்லா இடத்திலும் 'பல்லி' என்று எழுதியிருக்கிறாள். பல்லிக்குப் போறேன், பல்லி விட்டாச்சு, பல்லில செம போர். இரண்டாம் வகுப்பிலிருந்து அந்த ஒரு எழுத்தைத் திருத்தித் திருத்தி நான் ஓய்ந்தேன், நீ ஓயவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் நாளிதழில் ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது, உனக்கு நினைவிருக்காது. விளையாட்டில் பழகிய முகம் தெரியாத ஆளை நம்பி வீட்டை விட்டுப் போன பிள்ளைகள் என்று வாரம் ஒரு கதை. ஒவ்வொன்றையும் அச்சுக்குப் போகும்முன் மூன்று தடவை படிப்பவள் நான். ஊர் உலகம் ஒரு தடவை படித்துப் பயந்ததை நான் மும்மடங்கு படித்துப் பயந்தேன். இப்போது யோசித்தால் அந்தக் கதைகளில் பாதிக்கு ஊர் கிடையாது, ஆள் கிடையாது, 'கூறப்படுகிறது', 'தெரியவந்துள்ளது' என்றுதான் ஓடும், யார் கூறினார்கள், யாருக்குத் தெரியவந்தது என்று கேட்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் 'வந்துள்ளது'வில் புள்ளி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். எழுத்துப் பிழை பார்த்தேனே தவிர செய்திப் பிழை பார்க்கவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் போடுகிறார்கள், ஒரு பிள்ளை மார்க் குறைந்தாலும் விளையாட்டு, கோபப்பட்டாலும் விளையாட்டு, கதவைச் சாத்திக்கொண்டாலும் விளையாட்டு. ஒருவேளை சில வீட்டில் நிஜமாகவே அப்படி நடந்திருக்கும், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் வீட்டில் என்ன நடக்கிறது என்று உன்னைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நாளிதழைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன் பார், அங்கேதான் நான் விழுந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை மதியம், நீ சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கினாய். போன் தலையணைப் பக்கத்தில் கிடந்தது. சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு, உன் பெயரில், உன்னைப் போல, ஆமைக்கு நான் ஒரு செய்தி எழுதினேன். எனக்கு அது மனப்பாடம். 'பள்ளியில் தேர்வு நெருங்குகிறது. உன்னோடு பேசுவது என் படிப்புக்கு இடையூறாக இருக்கிறது. இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்.' மூன்று வரி. அனுப்புவதற்கு முன்னால் ஒரு முறை படித்து, ஒற்றெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். வெட்கக்கேடு, அப்போதும் ஒற்றுத்தான் பார்த்தேன். அனுப்பினேன். எப்போதும் கடைசியில் வருகிற ஆமை அன்றைக்கு ஒரு நிமிஷத்தில் பதில் போட்டது. அதுவும் எனக்கு மனப்பாடம். 'இதுல ஒரு தப்புகூட இல்லையே. பள்ளின்னு சரியா எழுதியிருக்கு. அவ எப்பவும் பல்லின்னுதான் எழுதுவா. நீங்க அவ அம்மாவா?' ஊரில் உள்ள பிழையெல்லாம் பிடிக்கிற என்னை, பிழை இல்லாததை வைத்து முகம் தெரியாத ஒரு பிள்ளை பிடித்துவிட்டது. அதற்குள் அடுத்தது வந்தது. 'கோவிச்சுக்காதீங்கம்மா. நல்லாப் படிக்கச் சொல்லுங்க. வீட்டுக் கதவை நான் பூட்ட மாட்டேன்னு மட்டும் அவகிட்டச் சொல்லிடுங்க. எப்ப வேணா வரட்டும்.'

வீட்டுக் கதவு என்றதும் எனக்கு உலகமே இருட்டிவிட்டது. நான் படித்த தொடரில் ஒவ்வொரு கதையும் இப்படித்தானே முடியும், வீட்டுக்கு வா, கதவு திறந்திருக்கும் என்று. என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகத் தயாராகிவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'தடை செய்' என்று ஒரு பொத்தான் இருந்தது, அதை அழுத்தினேன். நான் எழுதியதை அழித்தேன், அது எழுதியதையும் அழித்தேன், போனைத் தலையணைப் பக்கத்தில் இருந்த இடத்திலேயே வைத்தேன். மறுநாள் அப்பாவிடம் திருட்டுப் பயம் என்று சொல்லி வாசல் கதவில் உயரமாக ஒரு தாழ்ப்பாள் போடவைத்தேன். உனக்கு எட்டக் கூடாது என்று மனசில் வைத்துக்கொண்டு இன்னும் உயரத்தில் என்று நான் சொன்னதற்கு, அவ்வளவு உயரம் உனக்கே எட்டாதே என்று அவர் என்னைக் கேட்டார், நாற்காலி போட்டுக்கொள்கிறேன் என்றேன். நீயும் கேட்டாய், திருடன் என்னைவிடக் குள்ளமாம்மா என்று. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய நானும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டேன்.

அப்புறம் நீ தேடினாய். ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் தட்டில் சோற்றை அளைந்துகொண்டே, 'ஆமை வரவே இல்லம்மா, அதோட வீட்டையே காணோம்' என்றாய். வீட்டையே காணோம் என்றதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா, குடும்பத்தோடு ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள், ஆபத்து விலகியது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். நீ எதிரில் உட்கார்ந்து வாடுகிறாய், நான் பெருமூச்சு விடுகிறேன். பரீட்சை எழுதினாய், நல்ல மார்க்தான், அதை வைத்து நான் செய்தது சரி என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். விளையாட்டை விட்டாய். ஆமை என்ற பேச்சையும் விட்டாய். ஒரே ஒரு தடவை, கல்லூரி முதல் வருஷம், உன் கூடப் படிக்கிற பெண்கள் வீட்டுக்கு வரமாட்டார்களா என்று கேட்டேன். 'யாரும் சொல்லிட்டுப் போறதில்லம்மா, எதுக்குக் கூப்பிட்டு உக்கார வச்சுக்கிட்டு' என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாய். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பழைய குப்பையைக் கிளறுவானேன் என்று விட்டேன். அந்தக் குப்பையின்மேல்தான் நீ உன் குணத்தையே கட்டிக்கொண்டிருந்தாய் என்று எனக்குப் புரியவில்லை.

எப்படிப் புரிந்தது என்றால், 'ஆள்மாறாட்டம்' வந்த அதே வாரம் எங்கள் தொழில்நுட்பப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை. அந்தப் பழைய விளையாட்டைப் பற்றித்தான், இத்தனை வருஷம் கழித்தும் அதில் சிலர் வீட்டைப் பூட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. இது பிழை, விளையாட்டில் ஏது பூட்டு என்று வட்டம் போட்டு, பக்கம் வடிவமைக்கிற பெண்ணிடம் கொண்டுபோனேன். இரண்டு பிள்ளை பெற்றவள், மதிய இடைவேளையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இன்றைக்கும் அதை விளையாடுகிறாள். அவள் சிரித்துவிட்டு, 'பிழையெல்லாம் இல்லக்கா, இங்க பாருங்க' என்று போனைக் காட்டினாள். அவள் கட்டிய வீடு, சிவப்புக் கூரை, வாசலில் ஒரு கதவு. கதவைப் பூட்டினால் நாம் பெயர் கொடுத்தவர்கள் மட்டும்தான் வரலாமாம். பூட்டாமல் விட்டால் யார் வேண்டுமானாலும் நுழைந்து வருஷக்கணக்கில் சேர்த்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுவார்களாம். அப்படியானால் எதற்குப் பூட்டாமல் வைக்கிறார்கள் என்று கேட்டேன். 'நம்மள யாராவது தடை போட்டுட்டா, நம்ம கதவுப் பட்டியல்ல அவங்க பேரு நிக்காதுக்கா. கோவம் போய் ஒருநாள் தடையை எடுத்துட்டு வந்தாங்கன்னா, கதவு பூட்டியிருந்தா திரும்பிப் போயிடுவாங்கல்ல. போனா பொருள்தானே போகும்னு விட்டு வைக்கிறதுதான்' என்றாள். தடை போட்டவர் கண்ணுக்கு மட்டும் அந்த வீடு தெரியாதாம். ஆமையோட வீட்டையே காணோம் என்று நீ சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது, பதின்மூன்று வருஷம் கழித்து. நான் போட்ட வட்டத்தை அடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்ததும் அவள் தண்ணீர் கொடுத்தாள்.

அப்பாவிடம் சொன்னேன். தாழ்ப்பாளைக் கழற்றுங்கள் என்றேன், ஏன் என்றார், எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் வலியோடு ஏறி, திருப்புளியால் ஒவ்வொன்றாக நாலு திருகாணியையும் கழற்றினார். இறங்கி உட்கார்ந்த பிறகு, 'அங்க பூட்டாத கதவுக்கு இங்க தாழ்ப்பாள் போட்டிருக்கேன் நான்' என்று மட்டும் சொன்னார். கதவில் நாலு ஓட்டை அப்படியே இருக்கிறது. மாவு வைத்து அடைத்துவிடவா என்று மறுநாள் அவரே கேட்டார், வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன், செத்த பாம்பை எதற்கு அடிக்கிறாள் என்று நினைக்காதே. உன்னோடு வேலை பார்க்கிற அந்தக் கண்ணாடிக்காரரைப் பற்றி நீ இந்த ஒரு வருஷத்தில் என்னிடம் மொத்தம் ஏழு வாக்கியம் சொல்லியிருப்பாய், ஏழும் நல்ல வாக்கியம். அவர் தன் அப்பாவை ஆஸ்பத்திரியில் பார்க்க ஊருக்குப் போய் ஆறு நாளாகப் பதில் இல்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். 'போறவங்க போகட்டும்மா, நானே தடை போட்டுட்டேன், எனக்குப் பழக்கம்தானே' என்று சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் தைத்துவிட்டது. உனக்கு அது பழக்கம் இல்லை சுண்டு. உன்னைச் சொல்லாமல் விட்டுவிட்டு யாரும் போகவே இல்லை. போனவர் என்று நீ கணக்குப் பண்ணிக்கொண்டு இருக்கிற முதல் ஆள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள். நடுவில் நின்று மறைத்தவள் நான். அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா, உனக்குச் சரிப்பட்டு வருவாரா, அதெல்லாம் எனக்குத் தெரியாது, உன் பாடு. ஆஸ்பத்திரி வராந்தாவில் போனில் சார்ஜ் இல்லாமல் நிற்கிறாரோ என்னவோ. அவரை விடுவதாக இருந்தாலும் அவர் செய்ததைப் பார்த்து விடு, உன் அம்மா செய்ததைப் பார்த்து விடாதே.

இன்னொன்று. அந்த விளையாட்டில் உன் பழைய பெயர் இன்னும் இருக்குமாம், வடிவமைப்புக்காரப் பெண் சொன்னாள். உள்ளே போய் 'தடை செய்தவர்கள்' என்ற பட்டியலைத் திறந்து பார். அதில் ஒரே ஒரு பெயர் இருக்கும். அதை நீ போடவில்லை. எடுத்துவிட்டுப் பார். வீடு இருக்கிறதோ இடிந்துவிட்டதோ, ஆமை எந்த ஊரில் என்ன வேலை பார்க்கிறதோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருந்தால் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். ஆணா பெண்ணா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, இனிமேல் தெரிந்து ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை. உன் எழுத்தைப் பெற்றவளைவிட நன்றாகப் படித்த பிள்ளை அது.

உன்னிடம் மன்னிப்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்டால் நீ உடனே 'பரவால்லம்மா' என்பாய், அந்தப் பரவாயில்லை எனக்கு வேண்டாம். கோபம் வந்தால் கோபப்படு, பேசப் பிடிக்காவிட்டால் கொஞ்ச நாள் பேசாமல் இரு, அதற்கு உனக்கு எல்லா உரிமையும் உண்டு. வேளைக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் மனசு யாரை நம்ப வேண்டும் என்று சொல்கிறதோ அவர்களை நம்புகிற தைரியத்தோடு, யார் முன்னாலும் தலை குனியாமல், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். அப்பா பக்கத்தில் நின்று, குளிர்காலத்துக்குக் காலுறை அனுப்பட்டுமா என்று கேட்கச் சொல்கிறார்.

மறந்துவிடப் போகிறேன், நீ கேட்ட ரகசிய வார்த்தை. எந்தத் திருடனுக்கும் தோன்றாது, எந்த இயந்திரத்துக்கும் வராது, உன்னையும் என்னையும் தவிர இன்னொரு ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஆளுக்குத் தெரிந்தால் பாதகமில்லை. பல்லி. என்றைக்கு உனக்கு என்னோடு பேசத் தோன்றுகிறதோ அன்றைக்குப் போனை எடுத்ததும் அதைச் சொல், என் பெண்தான் என்று தெரிந்துகொள்வேன். திருத்த மாட்டேன்.

இப்படிக்கு,
இந்தத் தடவை தன் பெயரிலேயே எழுதுகிற
உன் அம்மா